ரெஜிசைட் சீட்டாட்டம்: ராஜாவிடம் போய்த் தோற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரைப் பக்கம் சீட்டுக்கட்டைப் பிரித்தால் ஒன்று ரம்மி, இல்லாவிட்டால் கழுதை. இரண்டிலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எதிரி. ரெஜிசைட்டில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரே கட்சி, எதிரி கட்டுக்குள் இருக்கிறான். பேட்ஜர்ஸ் ஃப்ரம் மார்ஸ் என்ற நியூசிலாந்துக் குழு 2020-இல் வெளியிட்ட ஆட்டம் இது. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் கூடும் வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம்.

தனியாப் பெட்டி வாங்கணுமாண்ணே, வீட்ல கெடக்குற கட்டு போதுமா?

போதும். ஆனால் முதலில் எண்ணிவிடுங்கள். ரம்மி ஆடும் வீட்டில் இரண்டு கட்டு கலந்து கிடப்பது வழக்கம். ஒரு சீட்டு குறைந்தாலும் கணக்கு உதைக்கும். இந்த ஆட்டத்துக்கென்றே படம் வரைந்த பெட்டியும் விற்கிறார்கள், விதி ஒன்றுதான்.

நாலு ராஜாவைக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் நாலு ராணியைக் கலைத்து வையுங்கள், அதற்கும் மேல் நாலு ஜாக்கி. இது எதிரிக் கட்டு. மேல் சீட்டைத் திருப்பினால் முதல் எதிரி. மிச்சமுள்ள 40 சீட்டும், அதாவது 2 முதல் 10 வரையும் ஏஸும், மூடின கட்டு. மூன்று பேர் ஆடினால் அதில் ஒரு ஜோக்கரைச் சேருங்கள், நாலு பேர் என்றால் இரண்டு. இரண்டு பேருக்கு ஜோக்கர் கிடையாது. இரண்டு பேர் என்றால் கைக்கு 7 சீட்டு, மூன்று பேருக்கு 6, நாலு பேருக்கு 5. அதற்கு மேல் யாரும் கையில் வைத்திருக்க முடியாது.

நம்ம முறை வந்தா என்ன செய்யணும்? வரிசையாச் சொல்லுங்க.

கையிலிருந்து ஒரு சீட்டை இறக்க வேண்டும், அல்லது பாஸ் சொல்ல வேண்டும். இறக்கினால் முதலில் அந்த இனத்தின் வேலை நடக்கும். பிறகு சீட்டின் எண்ணளவு எதிரிக்கு அடி விழும். எதிரி சாகாவிட்டால், அவன் திருப்பி அடிப்பது சீட்டை இறக்கிய உங்களைத்தான். அந்த அடிக்குச் சமமான அல்லது கூடுதலான எண்ணுள்ள சீட்டுகளை உங்கள் கையிலிருந்து கழித்துப் போட வேண்டும். போட முடியவில்லையென்றால் அங்கேயே எல்லோருக்கும் ஆட்டம் முடிந்தது. அடிக்குச் சீட்டுக் கொடுத்த பின் கை காலியானால் பரவாயில்லை, குறைந்தால்தான் தோல்வி.

ஜாக்கிக்கு உயிர் 20, அடி 10. ராணிக்கு 30, 15. ராஜாவுக்கு 40, 20. "மதுரையா சிதம்பரமா" என்று கேட்டால் இந்த ஆட்டம் சிதம்பரம்தான்; மீனாட்சி ஊரில் ஆடினாலும் ராணியைவிட ராஜாவே பெரியவர்.

நாலு இனத்துக்கும் என்னென்ன வேலை?

ஆர்ட்டின் போட்டால், கழித்த சீட்டுகளைக் கலைத்து, அந்த எண்ணளவு சீட்டைப் பார்க்காமல் எடுத்து மூடின கட்டின் அடியில் வைக்க வேண்டும். டைமன் போட்டால் அந்த எண்ணளவு புதுச் சீட்டு மேசைக்கு வரும். கிளாவர் போட்டால் அடி இரட்டிப்பு. ஸ்பேட் போட்டால் எதிரியின் அடி அந்த எண்ணளவு குறையும்; அந்த எதிரி சாகும்வரை குறைந்தது குறைந்ததுதான், அடுத்த ஸ்பேட் விழுந்தால் இன்னும் குறையும்.

எந்த வேலை நடந்தாலும் எண்ணளவு அடியும் விழும். 7 டைமன் ஏழு சீட்டை இழுக்கும், ஏழு அடியும் அடிக்கும்.

டைமன் எட்டப் போட்டேன், எனக்கு ரெண்டு சீட்டுதான் வந்துச்சு. மிச்சம் எங்கிட்டுப் போச்சு?

டைமன் போட்டவர் முதல் சீட்டை எடுப்பார், அடுத்தவர் ஒன்று, அவருக்கடுத்தவர் ஒன்று என்று வட்டமாகச் சுற்றும். கை நிறைந்தவரைத் தாண்டிப் போகும். நாலு பேர் இருந்து எல்லோருக்கும் இடமிருந்தால் எட்டுக்கு ஆளுக்கு இரண்டுதான். எல்லோர் கையும் நிறைந்துவிட்டால் மிச்ச எண்ணிக்கை வீண். ஆட்டம் தொடங்கியதும் 10 டைமனைப் போடுவது அதனால்தான் பாழ். போட்டவரின் ஒரே ஒரு இடம் மட்டும் நிரம்பும். கூட்டாளிகள் அடி வாங்கிக் கை இளைத்த பிறகு அதே சீட்டு தங்கம்.

ராஜாவோட இனத்தையே ராஜா மேல போட்டா அடியே விழாதா?

அடி விழும், வேலைதான் நடக்காது. ஸ்பேட் ராஜாவின்மேல் ஸ்பேட் 9 போட்டால் 9 அடி உண்டு, அவனுடைய 20 குறையாது. கிளாவர் ராணியின்மேல் கிளாவர் 9 வெறும் 9 தான், 18 ஆகாது. மற்ற இரண்டு இனங்களுக்கும் இதே கதைதான்.

ஜாக்கி நாலையும் சுலபமா முடிச்சிடுறோம். ராஜா வந்தா ரெண்டு சுத்துல செத்துப்போறோம். ராஜாவ எப்படித்தான் அடிக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. ராஜாவை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் ஜாக்கியிடமே முடிவாகிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு எதிரிகளின் உயிரைக் கூட்டினால் 80, 120, 160, ஆக 360. உங்கள் 40 சீட்டின் எண்களைக் கூட்டினால் 220. கிளாவர் அத்தனையும் தனித்தனியாக இரட்டிப்பாக விழுந்தாலும் 275 தான். அதிலும் பாதி, அடி வாங்கக் கழித்துப் போடுவதிலேயே போய்விடும். ஆக, கையில் வந்ததை வந்தபடி அடித்துக்கொண்டே போனால் ராஜா வருமுன் கட்டு வற்றிவிடும். "சுலபமா முடிச்சிடுறோம்" என்பதுதான் கோளாறு. வேகமாக முடித்திருக்கிறீர்கள், சிக்கனமாக முடிக்கவில்லை.

பற்றாக்குறையை நிரப்ப வழி இரண்டு. ஒன்று ஆர்ட்டின். மற்றது சரியடி.

சரியடின்னா?

எதிரியின் உயிர் எவ்வளவோ, ஒரு புள்ளிகூட மிகாமல் அவ்வளவே அடித்துக் கொன்றால், செத்த எதிரி கழிவுக்குப் போகமாட்டான். மூடின கட்டின் உச்சியில் கவிழ்ந்து உட்காருவான். பிறகு யார் இழுத்தாலும் அவன் நம் ஆள்: ஜாக்கிக்கு 10, ராணிக்கு 15, ராஜாவுக்கு 20 மதிப்பு, அவனவன் இனத்து வேலையும் செய்வான். நாலு ஜாக்கியும் நாலு ராணியும் சரியடியில் விழுந்தால் 40-உம் 60-உம் சேர்ந்து 100 மதிப்பு கூடும். 220-இல் ஆடும் ஆட்டத்தில் 100 என்பது சின்ன விஷயமா?

ஒரு புள்ளி மிகுந்து கொன்றாலும் அவன் கழிவுக்குத்தான் போவான். பின்னால் ஆர்ட்டினில் தற்செயலாகத் திரும்பி வரலாம், நம்பி உட்கார முடியாது.

சரியா வர்ற மாதிரி எப்படிக் கணக்குப் போடுறது? பாதி நேரம் மிஞ்சிப் போகுது.

பின்னாலிருந்து எண்ணுங்கள். மிச்ச உயிர் எவ்வளவு என்று ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது, மறைக்க ஒன்றுமில்லை. மிச்சம் 12 இருக்கையில் உங்களிடம் 9 இருந்தால் போட்டு 3-இல் நிறுத்துவது நல்லதா, 7 போட்டு 5-இல் நிறுத்துவது நல்லதா என்று யோசியுங்கள். 11-இல் நிறுத்தினால் ஒற்றைச் சீட்டால் சரியாக முடிக்க முடியாது. கிளாவரோ, ராணியோ, ராஜாவோ, ஏஸ் ஜோடியோ இல்லாமல் எந்தக் கையும் 10-ஐத் தாண்டாது.

மனப்பாடம் செய்ய ஒரு மாதிரி: ஆர்ட்டின் ஜாக்கி வந்திருக்கிறான், உயிர் 20. முதலாமவர் 10 ஸ்பேட் இறக்குகிறார். ஜாக்கியின் அடி சைபராகிறது, உயிர் 10 மிச்சம், யாரும் சீட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தவர் 7 டைமன்; கைகளில் இடமிருந்தால் ஏழு சீட்டு மேசைக்கு வருகிறது, மிச்சம் 3. மூன்றாமவர் கிளாவர் அல்லாத ஒரு 3-ஐப் போட்டு முடிக்கிறார். மூன்றே சீட்டுச் செலவு, ஏழு வரவு, ஜாக்கி நம் பக்கம். கிளாவர் ஜாக்கியைத் தவிர மற்ற மூவருக்கும் 10 கிளாவர் ஒரே சீட்டில் சரியடி. இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள், அதைப் பின்னால் சொல்கிறோம்.

சின்னச் சின்ன நம்பரா வந்து கெடக்கு. 2, 3 எல்லாம் வச்சு என்ன பண்ண?

ரம்மிக் கை இங்கேதான் உதவும். ஒரே எண்ணுள்ள சீட்டுகளைக் கூட்டுத்தொகை 10-க்குள் வருமாறு சேர்த்து இறக்கலாம்: 2 என்றால் நாலு வரை, 3 என்றால் மூன்று வரை, 4-உம் 5-உம் ஜோடி. சேர்த்து இறக்கினால் ஒவ்வொரு இனத்தின் வேலையும் மொத்தத் தொகைக்கு நடக்கும். 5 கிளாவரும் 5 டைமனும் சேர்ந்தால் பத்துச் சீட்டு இழுவை, 20 அடி. ஆகவே 5 என்பது நடுத்தரச் சீட்டு இல்லை. ஜோடி கிடைக்கும் என்று தெரிந்தால் 8-ஐக் கழித்துவிட்டு 5-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஸுக்கு ஒன்னுதானா மதிப்பு? அப்ப அதான முதல்ல கழிக்கணும்?

கழிக்கவே கூடாத சீட்டு அது. அடிக்குக் கொடுத்தால் 1 தான், ஆனால் ஜோக்கர் தவிர எந்த ஒற்றைச் சீட்டோடும் சேர்த்து இறக்கலாம். ஏஸ் கிளாவரும் 9 ஆர்ட்டினும் சேர்ந்தால் 10. பத்துச் சீட்டு திரும்பும், 20 அடி விழும். இன்னொரு ஏஸோடும் சேரும். முந்தின பதிலில் சொன்ன ஒரே எண் கூட்டத்தோடு மட்டும் ஏஸ் ஒட்டாது. சரியடிக்கு ஒரு புள்ளி இடிக்கும்போது கைகொடுப்பதும் இதுதான்.

ஆர்ட்டின எப்போ போடணும்? போட்டா திரும்பி வர்றதுக்குச் சீட்டே இல்லங்கிறாங்க.

தற்போதைய எதிரியின்மேல் இறக்கிய சீட்டுகள் அவன் சாகும்வரை அவன் முன்னால்தான் கிடக்கும், கழிவில் சேராது. அதனால் முதல் ஜாக்கியின்மேல் முதல் சீட்டாக 10 ஆர்ட்டின் போட்டால் திரும்ப ஒன்றுமே இல்லை. ஒரு எதிரி செத்ததும் அவன் முன்னால் கிடந்ததெல்லாம் கழிவுக்கு வரும். பெரிய ஆர்ட்டினுக்கு அதுதான் நேரம், அடுத்த எதிரியின்மேல் முதல் அடியாக.

மூன்று பேர் ஆட்டத்தில் சீட்டுப் பிரித்தபின் மூடின கட்டில் 23 மிச்சம், நாலு பேர் என்றால் 22. இரண்டு பெரிய டைமனும் ஒரு சின்ன டைமனும் முழுப் பலனோடு விழுந்தால் கட்டு காலி, காலிக் கட்டிலிருந்து டைமன் எதையும் இழுக்காது. இரண்டாவது ஜாக்கி சாகும்போது ஒரு ஆர்ட்டினாவது விழுந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. ஆர்ட்டினும் டைமனும் சேர்ந்து விழுந்தால் ஆர்ட்டின் வேலை முந்தும். கட்டு வற்றிக் கிடக்கும்போது அந்த ஜோடி உயிர் காக்கும்.

ஸ்பேட் முதல்லயா, கிளாவர் முதல்லயா?

பொதுவாக ஸ்பேட். முதல் சுற்றில் விழுந்தால் எல்லாச் சுற்றுக்கும் பலன், கடைசிச் சுற்றில் விழுந்தால் வெறும் அடி. ஆனால் அளவோடு போடுங்கள். அடி சைபரான பிறகு போடும் ஸ்பேடின் வேலை வீண்.

அடி சைபராகிவிட்ட எதிரி உட்கார்ந்து இளைப்பாறும் திண்ணை மாதிரி. அவனிடம் மிச்சமிருக்கும் உயிரை ஆர்ட்டினுக்கும் டைமனுக்கும் பயன்படுத்துங்கள். இங்கேதான் 10 கிளாவர் விஷயம். ஜாக்கியின் 20 உயிரும் உங்களுக்கு 20 புள்ளி வேலை செய்துகொள்ள இடம். அதை ஒரே கிளாவரால் அழித்தால் சேதமும் இல்லை, சேமிப்பும் இல்லை. கை வறண்டு, 10 அடி தாங்க வழியில்லாதபோது தயங்காமல் அழியுங்கள். மற்ற நேரங்களில் பெரிய கிளாவரை ராணிக்கும் ராஜாவுக்கும் வையுங்கள்.

எதிரியக் கொன்னவுடனே நானே அடுத்தவனையும் அடிக்கணுமாம்ல? கையில ஒன்னுமில்லையே!

ஆமாம். கொன்றவர் அடி வாங்கமாட்டார், ஆனால் புது எதிரியிடம் அவர்தான் முதலில் ஆட வேண்டும். கடைசிச் சீட்டால் ராணியைக் கொன்று எல்லோரும் கைதட்டும்போதே ஆட்டம் தோற்றிருக்கும். கொன்ற பிறகு கையில் குறைந்தது ஒரு நல்ல சீட்டும், புது எதிரியின் அடியைத் தாங்கும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மிச்சத்தைக் கூட்டாளிக்கு விடுங்கள்.

சரியடியில் கொன்றவருக்கு ஒரு சலுகையும் உண்டு. செத்தவன் கட்டின் உச்சியில் இருக்கிறான். புது எதிரியின்மேல் நீங்கள் டைமன் போட்டால் முதல் சீட்டு உங்களுக்கே. ராணியைச் சரியாகக் கொன்று அடுத்த நொடியே ராணியைக் கையில் எடுக்கலாம். புது எதிரி டைமனாக இருந்தால் மட்டும் பலிக்காது.

அடி வாங்கும்போது எதக் கழிக்கிறது?

பஸ் கண்டக்டர்கூட மீதியை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதியாவது தருவார். இங்கே சில்லறையே கிடையாது. 10 அடிக்கு 6-உம் 4-உம் கொடுங்கள், 9-உம் 8-உம் கொடுக்காதீர்கள். எதிரியின் இனத்துச் சீட்டே கையில் இருந்தால் முதலில் அதைக் கழியுங்கள், இப்போது அதற்கு வேலையில்லை. கழிக்கும் சீட்டின் வேலை நடக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

நாலு ராஜாவுல யார் ரொம்பக் கஷ்டம்?

ஸ்பேட் ராஜா. ஜோக்கர் இல்லாமல் அவனுடைய 20-ஐக் குறைக்க முடியாது. ஒரு சீட்டின் சராசரி மதிப்பு ஐந்தரை. மூன்று பேர் ஆட்டத்தில் நிறைந்த கை என்றால் சுமார் 33. ஒருவர் ஒருமுறை தாங்கலாம், அடுத்தடுத்து இரண்டுமுறை தாங்க முடியாது. அதனால் இரண்டு, மூன்று முறைக்குள் முடித்தாக வேண்டும். கிளாவர் ராணி கையில் இருந்தால் 30, அதன்மேல் கிளாவர் அல்லாத எந்த 10-உம் சரியடி. அல்லது 10 கிளாவரும் கிளாவர் ஜாக்கியும், 20-உம் 20-உம். ஜாக்கியிடமும் ராணியிடமும் சரியடி பழகியவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி திறந்திருக்கும்.

கிளாவர் ராஜா நேர்மாறு. இரட்டிப்பு இல்லை, ஆனால் கட்டிப்போடலாம். ஸ்பேட் ராணி போட்டால் அடி 5 ஆகும், அதைக் கழித்துச் சமாளியுங்கள். அடுத்தவர் 10 ஸ்பேட் போட்டால் அடி சைபர், மிச்ச உயிர் 15. பிறகு 8-உம் 7-உம், அவசரமே இல்லை. டைமன் ராஜாவிடம் சீட்டு இழுக்க முடியாது, கை நிறைந்து வர வேண்டும். ஆர்ட்டின் ராஜா நால்வரில் சாது. மூன்றாவது ராஜா வந்ததுமே நாலாவது யார் என்று கட்டைப் பார்க்காமலே தெரியும். அவனுக்கேற்ற சீட்டைச் சேர்த்துக்கொண்டு மூன்றாமவனைக் கொல்லுங்கள்.

பாஸ் சொன்னா கோழைத்தனம்னு திட்டுறாங்களே?

திட்டுபவருக்குக் கணக்கு தெரியவில்லை. பாஸ் சொன்னாலும் எதிரியின் அடி உண்டு. ஆகவே அடி 15 இருக்கும்போது பாஸ் சொன்னால் நட்டம்தான். அடி சைபரானபின் பாஸுக்குச் செலவே இல்லை. மிச்சம் 4 இருக்கிறது, உங்களிடம் 9 தான் இருக்கிறது என்றால் பாஸ் சொல்லிச் சரியடியைக் கூட்டாளிக்கு விடுங்கள். மற்ற எல்லோரும் தங்கள் கடைசி முறையில் பாஸ் சொல்லியிருந்தால் நீங்கள் சொல்ல முடியாது, சீட்டு இறக்கியே தீர வேண்டும். அப்போது கை காலியாக இருந்தால் அதுவும் தோல்வி. ஒருவர் கை காலி என்று தெரிந்தால் வரிசையாகப் பாஸ் சொல்லி அவரை மூலையில் தள்ளாதீர்கள்.

ஜோக்கர் எதுக்கு? பூஜ்ஜியம்தானே?

ஜோக்கர் விழுந்தால் அந்த எதிரிக்குத் தன் இனத்திடமிருந்து இருந்த பாதுகாப்பு போய்விடும். ஜோக்கர் போட்டவருக்கு அடியும் இல்லை, அடுத்து யார் ஆட வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். நுணுக்கம் ஒன்று: ஸ்பேட் எதிரியின்மேல் முன்பே விழுந்த ஸ்பேடுகள் ஜோக்கருக்குப் பின் உயிர்பெற்று அவன் அடியைக் குறைக்கும். கிளாவருக்கு அப்படியில்லை, ஜோக்கருக்குப் பின் விழுவது மட்டுமே இரட்டிக்கும். ஆகவே ஸ்பேட் ராஜாவிடம் ஸ்பேடை முன்னாலும் போடலாம். கிளாவர் ராஜாவிடம் கிளாவரை ஜோக்கருக்குப் பிறகே போடுங்கள்.

கண்ணக் காட்டுறது, தொண்டையக் கனைக்கிறது எல்லாம் செல்லுமா மாமா?

செல்லாது. கையில் இருப்பதைச் சொல்லவோ, சாடையாகக் காட்டவோ, இதைப் போடு என்று யோசனை சொல்லவோ கூடாது. ஜோக்கர் விழுந்தபோது மட்டும், அடுத்து ஆட விருப்பமா இல்லையா என்று காட்டிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் முதல் இரண்டு ஆட்டத்தை எல்லோர் கையையும் மேசையில் விரித்தே ஆடுங்கள். அது வெற்றிக் கணக்கில் சேராது, ஆனால் சரியடி சீக்கிரம் பிடிபடும்.

ஆளே இல்லாதப்ப தனியா ஆடலாமா?

ஆடலாம். கைக்கு 8 சீட்டு. இரண்டு ஜோக்கரையும் கட்டில் சேர்க்காமல் பக்கத்தில் வையுங்கள். உங்கள் முறை தொடங்கும்போதோ, அடி வாங்குமுன்போ ஒரு ஜோக்கரைத் திருப்பினால் கை முழுவதையும் கழித்துவிட்டு 8 புதுச் சீட்டு எடுக்கலாம். இது டைமன் இழுவை ஆகாது, அதனால் டைமன் எதிரியும் தடுக்க முடியாது. இரண்டையும் திருப்பி ஜெயித்தால் வெண்கலம், ஒன்று மட்டும் என்றால் வெள்ளி, தொடாமலே ஜெயித்தால் தங்கம். புதிதாக ஆடுபவர் ஒன்றை ராஜாவுக்கென்று ஒதுக்குங்கள். அடி தாங்க முடியாத நொடியில், கையில் மூன்று சீட்டே மிச்சமிருக்கும்போது திருப்பினால் லாபம் அதிகம். ஏழு சீட்டோடு திருப்பினால் பாதிக்குமேல் நட்டம்.